பூவும் பொருளாதாரமும்

(இளம் அறிவியல் – கணிதம், இரண்டாம் ஆண்டு)

ஓர் அம்மாள் தெருமுனையில் அடுப்பு மூட்டி இட்லி அவித்து விற்கிறார். அது பொருளாதார நடவடிக்கை. அதே அம்மாள், அதே மாவில், அதே பாத்திரத்தில், தம் பிள்ளைகளுக்கென்று இரண்டு ஈடு அவித்துப் போடுகிறார். அது பொருளாதார நடவடிக்கை அன்று. பொருளியல் பயிலும் நண்பர் ஒருவர் இதைச் சொன்னபோது கணிதம் படிக்கும் எனக்கு இது பெரிய வேடிக்கையாகப் பட்டது. அவருடைய பாடநூலையும் நம் நூலகத்தில் கிடைத்த வேறு சில நூல்களையும் புரட்டிப் பார்த்தபோது, இந்த வேடிக்கைக்குப் பின்னே ஒரு நியாயமும் இருக்கிறது, ஒரு குறையும் இருக்கிறது என்று தெரிந்தது. அவ்விரண்டையும் நாம் நாள்தோறும் காணும் திருச்சி, திருவரங்கத்து வாழ்வைக் கொண்டே விளக்க முயல்கிறேன். பொருளியல் துறை நண்பர்கள் இதை ஒரு கணக்கு மாணவனின் கண்ணோட்டமாகக் கொள்வார்களாக.

மனிதன் தன் தேவைகளுக்காகப் பொருள்களையும் பணிகளையும் ஆக்குவது, பகிர்வது, நுகர்வது ஆகிய அனைத்தும் பொருளாதார நடவடிக்கை என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு நாட்டின் ஆண்டு உற்பத்தியைக் கூட்டிக் காட்ட வேண்டுமென்றால் ‘பொதுவாக’ என்ற சொல் உதவாது. எதைக் கூட்டுவது, எதை விடுவது என்று ஒரு கோடு கிழிக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் சபை வகுத்துள்ள தேசியக் கணக்கு முறை அந்தக் கோட்டைக் கிழித்திருக்கிறது. அதன்படி, விற்றாலும் விற்காவிட்டாலும் பொருளாக விளைந்தது கணக்கில் சேரும். உழவர் தம் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒதுக்கிய நெல்லுக்கும் மதிப்புப் போட்டுச் சேர்த்துக்கொள்வார்கள். பணிகளின் கதை வேறு. கூலி வாங்கிக்கொண்டு செய்தால் சேரும். சொந்தக் குடும்பத்துக்குக் கூலியின்றிச் செய்யும் சமையல், துவைத்தல், பிள்ளை வளர்ப்பு, நோயாளியைப் பார்த்துக்கொள்ளுதல் ஆகியவை சேரா.

இந்தக் கோட்டின்படி பார்த்தால், திருவரங்கத்தில் நந்தவனம் வைத்து அரங்கனுக்கு மாலை தொடுத்த தொண்டரடிப்பொடியாழ்வாரின் தொண்டுகூடக் கணக்கில் வந்துவிடும். அவர் ஒரு காசுக்கும் விற்கவில்லை. என்றாலும் பூ ஒரு பொருள், விளைந்தது விளைந்ததுதான்!

வீட்டு வேலையை விட்டதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. அதற்குச் சந்தை விலை கிடையாது. மேலும், அதைச் சேர்த்துவிட்டால் நாட்டில் வயது வந்த ஏறக்குறைய எல்லோருமே வேலையில் இருப்பவர் ஆகிவிடுவர்; வேலையின்மை என்ற அளவுக்கே பொருள் இல்லாமல் போகும். இந்த வாதம் எனக்கு ஓரளவு ஒப்புதலே. இதன் விளைவைப் பின்னர்க் காண்போம்.

கோட்டுக்கு உட்பட்ட நடவடிக்கைகளை மூன்று துறைகளாகப் பிரிப்பது வழக்கம். 1935-இல் நியூசிலாந்தில் பிறந்த பொருளியலறிஞர் ஆலன் ஃபிஷரும், 1940-இல் காலின் கிளார்க்கும் தத்தம் நூல்களால் இந்தப் பிரிவினையை உலகறியச் செய்தனர். இயற்கையிலிருந்து நேரே பெறுவது முதன்மைத் துறை: வேளாண்மை, கால்நடை, மீன்பிடிப்பு, காடு, சுரங்கம். பெற்றதை உருமாற்றுவது இரண்டாம் துறை: ஆலைத் தொழில், கைத்தொழில், கட்டுமானம், மின்சாரம். பொருளைச் செய்யாமல் பணியைச் செய்வது மூன்றாம் துறை: வாணிகம், போக்குவரத்து, வங்கி, கல்வி, மருத்துவம், அரசு நிர்வாகம். ஆராய்ச்சி, தகவல் தொழில்நுட்பம் போன்றவற்றைத் தனியே பிரித்து நான்காம் துறை என்பாரும் உளர்; அது இங்கே நமக்கு வேண்டியதில்லை. பொதுத்துறை, தனியார் துறை என்பதை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வதும் நம்மிடையே உண்டு. அது உடைமையைப் பற்றிய பிரிவு. நான் சொல்வது செயலைப் பற்றிய பிரிவு.

மலைக்கோட்டையின் உச்சியில் ஏறி நின்று சுற்றிலும் பார்த்தால் மூன்று துறைகளும் படம் போட்டதுபோல் தெரியும். வடக்கே காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் திருவரங்கத் தீவு. முக்கொம்பில் பிரியும் இவ்விரு ஆறுகளின் நீரை முறைப்படுத்த 1836-38-இல் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டினார். உய்யக்கொண்டான், அய்யன், பெருவளை முதலிய வாய்க்கால்களின் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளைகின்றன. பூவன், நேந்திரன், ரஸ்தாளி, கற்பூரவல்லி என்று வாழையில் எத்தனை வகை! 1993-இல் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தை இங்கே நிறுவியது காரணமில்லாமல் அன்று. பழம், இலை, பூ, தண்டு, நார் என்று வாழையில் வீணாவது ஏதுமில்லை. அந்த நாரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கிழக்கே திரும்பினால் இரண்டாம் துறை. நாகப்பட்டினத்திலிருந்து 1920-களின் இறுதியில் பொன்மலைக்கு வந்த ரயில்வே பணிமனை. திருவெறும்பூரில் 1965-இல் உற்பத்தியைத் தொடங்கிய ‘பெல்’ கொதிகலன் ஆலை. அதை நம்பித் துவாக்குடி வரை எழுந்த எண்ணற்ற ஃபேப்ரிகேஷன் பட்டறைகள். 2010-க்குப் பின்வந்த ஆண்டுகளில் அனல்மின் நிலையங்களுக்கான ஆர்டர்கள் சுருங்கியபோது பெரிய ஆலையைவிட முதலில் தள்ளாடியவை இந்தச் சிறு பட்டறைகளே. மூன்றாம் துறையைத் தேட வேண்டியதே இல்லை. காந்தி மார்க்கெட், ரயில் சந்திப்பு, மருத்துவமனைகள், கல்லூரிகள், 2024 ஜனவரியில் புதிய முனையம் பெற்ற விமான நிலையம், எல்லாவற்றுக்கும் மேலாக ஏழு பிராகாரங்களுடன் ஊராகவே விளங்கும் அரங்கன் கோயில்.

பிரிவினை இவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் கிட்டே போனால் கோடுகள் மங்குகின்றன. ரயில் ஓட்டுவது மூன்றாம் துறை. பொன்மலையில் அதே ரயில்வே ஊழியர் பெட்டியைப் பழுது பார்ப்பதும், நீலகிரி மலை ரயிலுக்குப் புதிய நீராவி எஞ்சினைச் செய்து தருவதும் இரண்டாம் துறை. ஆற்று மணலை அள்ளுவதும் பாடநூற்படி முதன்மைத் துறையே. நெல் விளைந்தால் அடுத்த ஆண்டும் விளையும். மணல் அப்படி விளையாது. ஆனால் அள்ளிய ஆண்டில் இரண்டும் ஒரேமாதிரி உற்பத்தி என்றே ஏறும். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. பின்பு புதிய கதவணை கட்டிய செலவோ கட்டுமானம் என்ற பெயரில் உற்பத்தியோடு கூடிற்று. இழந்ததைக் கழிக்காமல் கட்டியதை மட்டும் கூட்டும் கணக்கு இது.

மூன்று துறைகளும் ஒரே பொருளின்மேல் எப்படி மாறிமாறிக் கை வைக்கின்றன என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல எடுத்துக்காட்டு மல்லிகைப் பூ. இதில் என் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல நேர்வதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் தந்தையார் வாழைத் தோட்டக் கூலி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசற்படி ஏறிய முதல் ஆள் நானே. தீவின் மேற்குப்புறத்தில் எங்கள் ஊர். மல்லிகைக் காலத்தில் என் தாயார் பொழுது புலரும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பூத்தோட்டத்துக்குப் போய்விடுவார். பூ மலர்ந்துவிட்டால் விலை போகாது; அரும்பாகவே பறிக்க வேண்டும். பறிகூலி கிலோக் கணக்கு. பறித்த அரும்பு திருவரங்கம் சாத்தார வீதிப் பூ மார்க்கெட்டுக்குப் போகிறது. அங்கே மண்டிக்காரர் கமிஷன் எடுத்துக்கொண்டு விற்றுத் தருகிறார். வாங்கிய சில்லறை வியாபாரி உதிரிப்பூவை எடைபோட்டு, வாழைநாருடன் வீடுவீடாகக் கொடுத்துப் போகிறார். எங்கள் வீட்டுக்கும் வருகிறது. தோட்டத்திலிருந்து திரும்பிய தாயார் நாரை நனைத்து வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தால் பகல் வரை பூக் கட்டுவார். இது கட்டுக்கூலி. மாலையில் இராஜகோபுரத்துக்கு அருகே கூடையுடன் உட்காருபவர் என் அப்பாயி. 1987-இல் கட்டி முடிக்கப்பட்ட 236 அடிக் கோபுரத்தின் நிழலில் அவர் முழம் போட்டு விற்கிறார். அப்பாயிக்குக் கை சிறிது. முழம் குறைகிறது என்று வாங்குவோர் சண்டை பிடிப்பதும், அவர் ஒரு சாண் கூட்டிக் கொடுப்பதும் அன்றாட நிகழ்ச்சி. இப்போது கூடையின் ஓரத்தில் க்யூ.ஆர். அட்டையும் தொங்குகிறது. முழம் மட்டும் பழைய முழம்தான்.

பறிப்பது முதன்மைத் துறை, விற்பது மூன்றாம் துறை. கட்டுவது? எனக்கு இதில் ஐயம் இருந்தது. ஐக்கிய நாடுகள் சபை 2008-இல் வெளியிட்ட அனைத்துலகத் தொழில் வகைப்பாட்டின் 4-ஆம் திருத்தத்தைப் பார்த்தேன். இந்தியாவின் தேசியத் தொழில் வகைப்பாடு 2008 அதைப் பின்பற்றியதே. 21 பெரும் பிரிவுகள் கொண்ட அந்தப் பட்டியலில், பூங்கொத்து, மலர்வளையம் முதலியன செய்வது ஆலை உற்பத்திப் பிரிவில் இருக்கிறது! மாலையும் சரமும் அந்த இனத்தவையே. ஆக, திருவெறும்பூரில் கொதிகலன் செய்பவரும் எங்கள் வீட்டுத் திண்ணையில் பூக் கட்டுபவரும் ஒரே பெரும் பிரிவைச் சேர்ந்தவர்கள். காலையில் முதன்மைத் துறையில் இருந்த என் தாயார் பத்து மணிக்கு இரண்டாம் துறைக்கு வந்துவிடுகிறார். துறை என்பது ஆளுக்கு ஒட்டிய பெயர் அன்று, செயலுக்கு ஒட்டிய பெயர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி இந்தப் பூவின் மதிப்பை எந்தத் துறைக்கு எழுதுவது? கணக்கு எளிதாக இருக்க நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன். சந்தை விலை நாளுக்கு நாள் ஏறி இறங்குவது எல்லோரும் அறிந்ததே. ஒரு கிலோ அரும்புக்குத் தோட்டக்காரருக்கு 300 ரூபாய் கிடைக்கிறது. மண்டியில் கமிஷனுடன் அது 330 ரூபாய் ஆகிறது. நாருக்கு 10 ரூபாய், கட்டுக்கூலி 60 ரூபாய். சரமாக விற்றுத் தீரும்போது 480 ரூபாய். கைமாறிய தொகைகளை எல்லாம் அப்படியே கூட்டினால் 300, 330, 10, 60, 480 சேர்ந்து 1,180 ரூபாய் வருகிறது. ஆனால் நாட்டில் உண்டானது 1,180 ரூபாய்ப் பூ அன்று. 300 என்ற எண் 330-க்குள்ளும் இருக்கிறது, 480-க்குள்ளும் இருக்கிறது. எனவே ஒவ்வொருவரும் புதிதாகக் கூட்டிய மதிப்பை மட்டும் எடுக்க வேண்டும். தோட்டம் 300 (உரம், மருந்துச் செலவை இப்போதைக்கு விட்டுவிடுவோம்), நார் 10, மண்டி 30, கட்டுதல் 60, சில்லறை விற்பனை 80. கூட்டினால் சரியாக 480. இதைத்தான் மொத்த மதிப்புக் கூட்டல் என்கின்றனர். துறைவாரியாகப் பிரித்தால் முதன்மைத் துறைக்கு 310, இரண்டாம் துறைக்கு 60, மூன்றாம் துறைக்கு 110. நாடு முழுவதற்கும் இப்படிக் கூட்டிப் பெறுவதே நாம் செய்தித்தாளில் காணும் உற்பத்திக் கணக்கின் அடிப்படை.

மதிப்பின் கணக்கு இது. கைகளின் கணக்கு வேறு. 2023-24-ஆம் ஆண்டுத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வேலையில் இருப்போரில் 46.1 விழுக்காட்டினர் வேளாண்மையிலும் அதைச் சார்ந்த தொழில்களிலும் உள்ளனர். அதே ஆண்டில் நாட்டின் மொத்த மதிப்புக் கூட்டலில் அத்துறையின் பங்கு ஏறத்தாழ 18 விழுக்காடு. தமிழ்நாட்டில் அந்தப் பங்கு இதைவிடவும் குறைவு. நாட்டை 100 பேர் கொண்ட ஊராகவும் வருமானத்தை 100 ரூபாயாகவும் சுருக்கிப் பார்ப்போம். 46 பேர் 18 ரூபாயைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். தலைக்கு 39 காசு. மற்ற 54 பேர் 82 ரூபாயைப் பங்கிடுகிறார்கள். தலைக்கு 1 ரூபாய் 52 காசு. ஏறக்குறைய நான்கு மடங்கு வேறுபாடு. மூன்றாம் துறை பத்துப் பேரில் மூவருக்கே வேலை தந்து, வருமானத்தில் பாதிக்கு மேல் தன்பால் வைத்திருக்கிறது. கூலி வீட்டுப் பிள்ளைகள் ஏன் கல்லூரிக்கு வருகிறோம் என்று கேட்பவர்களுக்கு இந்த வகுத்தல் கணக்கே விடை.

ஃபிஷரும் கிளார்க்கும் கண்ட ஏணி இதுதான். நாடு முன்னேற முன்னேற மக்கள் முதன்மைத் துறையை விட்டு இரண்டாம் துறைக்கும், பிறகு மூன்றாம் துறைக்கும் ஏறுவர் என்றார்கள். மேலை நாடுகள் பலவற்றில் ஏறத்தாழ அவ்வாறே நடந்தது. நம் நாட்டில் நடுப்படி குறுகியதாகவே இருந்துவிட்டது. வயலை விட்டவர்களில் பலர் ஆலைக்குப் போகாமல் கட்டட வேலைக்கும் சிறு வியாபாரத்துக்கும் சென்றனர். அது மட்டுமன்று. 2018-19-இல் வேளாண்மையில் 42.5 விழுக்காடாக இருந்த தொழிலாளர் பங்கு, கொரோனா கால ஆண்டான 2020-21-இல் 46.5 ஆக உயர்ந்தது. ஏணியில் ஏறியவர்கள் இறங்கி வந்தார்கள் என்று பொருள். எங்கள் ஊரிலும் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்த இருவர் அந்த ஆண்டில் வாழைக்கு மண் அணைக்க வந்தனர். அவர்களில் ஒருவர் திரும்பப் போகவே இல்லை.

தொடக்கத்தில் சொன்ன கோட்டுக்கு இப்போது வருவோம். அதன் மறுபுறத்தில் விடப்பட்ட உழைப்பு எவ்வளவு? 2019-இல் நாடு முழுவதும் முதன்முறையாக நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடங்கள் செலவிட்டனர். அதில் ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரம், மதிப்புக் கூட்டல் சுழி! பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை மட்டும் செய்யும் பெண்களை உழைக்காதோர் பட்டியலில் பிச்சையெடுப்போர், சிறைக் கைதிகள் ஆகியோருடன் சேர்த்திருந்ததை, 2010 ஜூலையில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே வன்மையாகக் கண்டித்தது.

இதையாவது கோட்டுக்கு வெளியே உள்ள வேலை என்று விட்டுவிடலாம். என்னை உறுத்துவது வேறொன்று. கோட்டுக்கு உள்ளே உள்ள வேலையும் வெளியே தள்ளப்படுகிறது. உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பும்போது, ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். “நான் சும்மா வீட்லதானே இருக்கேன், அப்படியே எழுது” என்றார் தாயார். அப்போது அவர் மடியில் கால் கிலோ உதிரிப்பூ இருந்தது. பறிகூலியும் கட்டுக்கூலியும் பெறும் ஒருவர், தேசியக் கணக்கு முறைப்படி ஐயத்துக்கு இடமில்லாத உற்பத்தியாளர், தம்மைத் தாமே சுழி என்று சொல்கிறார். எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் இதையே சொல்வார்கள். கணக்கெடுக்க வருபவர் குடும்பத் தலைவரைக் கேட்டால் அவரும் இதையே சொல்வார். திருச்சியிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் ஒரு காலத்தில் வீடுதோறும் செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டினார்களே, அங்கேயும் எத்தனை கைகள் இப்படி எண்ணப்படாமல் போயினவோ!

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதற்கு இடமே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் உழைப்போரை நான்கு வகையாகப் பிரித்தார்கள்: சாகுபடியாளர், வேளாண் கூலி, குடிசைத் தொழில் செய்வோர், மற்றவர். வீட்டிலிருந்தே பூக் கட்டுபவருக்கு மூன்றாம் கட்டம் காத்திருக்கிறது. ஆண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தால் முதன்மை உழைப்பாளர், குறைவாக இருந்தால் குறுநிலை உழைப்பாளர். ஒரு நாள்கூட வேலை செய்யாதவரே உழைக்காதவர். பெண்களின் வேலையை விட்டுவிடாமல் துருவிக் கேட்க வேண்டும் என்று கணக்கெடுப்பாளருக்கு அறிவுரையும் உண்டு. இருந்தும் துருவிக் கேட்க நேரம் வேண்டும். கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும்.

அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொள்ளும் என்று 2025 ஜூனில் அரசு அறிவித்தது. அதற்கு முன்பாக எங்கள் ஊரில் பூக் கட்டும் வீடுகளையும், ஒவ்வொரு வீட்டிலும் கட்டும் கைகளையும், ஆண்டில் அவர்கள் கட்டும் நாட்களையும் எண்ணிப் பார்ப்பது என்று நானும் வகுப்பு நண்பர் இருவரும் முடிவு செய்திருக்கிறோம். துணைப்பாடமான புள்ளியியலுக்கு அது பயிற்சியாகவும் இருக்கும். விரிவுரையாளரிடம் திட்டத்தைக் காட்டியபோது அவர் ஒரு திருத்தம் சொன்னார். பனிக்காலத்தில் மல்லிகை வரத்து ஓய்ந்துவிடும், கோடையில் குவியும். ஒரே முறை எண்ணினால் விடை தவறும். மார்கழியில் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை என்று இரண்டு தடவை எண்ணுங்கள் என்றார். வினாப்பட்டியலில் ‘வீட்டில் சும்மா இருப்பவர் எத்தனை பேர்?’ என்று ஒரு கேள்வியையும் சேர்த்திருக்கிறோம். அப்படிச் சொல்பவரின் மடியில் அந்த நேரத்தில் பூ இருக்கிறதா, இல்லையா என்று குறித்துக்கொள்ள அதன் அருகிலேயே ஒரு கட்டம் விட்டிருக்கிறோம்.